லெந்துக்கு எந்தப் புத்தகம் எடுப்பது?

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

“அக்கா, சாம்பல் புதன் மார்ச் 5 வருகிறது. வருடா வருடம் நாற்பது நாள் தியானப் புத்தகம் ஒன்று வாங்குகிறேன், பத்தாம் நாளைத் தாண்டினதில்லை. இந்த வருடமாவது முடிக்கிற மாதிரி, விசுவாசம் பெலப்படுகிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கள்.”

ஆராதனை முடிந்து சபையின் புத்தக அலமாரியைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு தங்கச்சி கேட்டது இது. பின்னால் நான்கு பேர் நின்றார்கள், அங்கே விவரமாகச் சொல்ல முடியவில்லை. சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நாற்பது நாள் உபவாச காலம்தான் லெந்து. அதற்கு எந்தப் புத்தகம் என்று இங்கே எழுதுகிறேன்.

நாற்பது நாள் புத்தகம் வேண்டாம். பன்னிரண்டு வருடமாக இந்த அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. திரும்பி வருகிற தியானப் புத்தகங்களில் முதல் பதினைந்து பக்கம் விரல் பட்டு மங்கியிருக்கும், அதற்கப்புறம் கடையில் வாங்கினபடியே இருக்கும். வாசிக்கிறவர்கள் மேல் தப்பில்லை. ஒரு வசனம், ஒரு சம்பவம், ஒரு ஜெபம் என்று அந்தப் புத்தகம் தினமும் முதலிலிருந்து தொடங்குகிறது. நேற்று வாசித்தது இன்றைக்குத் தேவைப்படாது. ஒரு நாள் விட்டால் எதுவும் குறைந்ததாகத் தெரியாது, பத்து நாள் விட்டாலும் அப்படித்தான்.

தொடர்ந்து போகிற புத்தகமாக எடு. நேற்று விட்ட இடத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும். அவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவாவது இன்றைக்குத் திறப்பாய்.

இது பழைய வழக்கம். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கில், 48ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: லெந்து தொடங்கும்போது ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும், அதை முதலிலிருந்து வரிசையாக, ஒன்று விடாமல் வாசிக்க வேண்டும். வாசிக்கிற நேரத்தில் யாராவது சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க ஒன்றிரண்டு மூத்தவர்கள் சுற்றி வருவார்களாம். அந்தக் காலத்திலும் பத்தாம் நாள் பிரச்சினை இருந்திருக்கிறது!

நான் கைகாட்டுவது ஜான் பனியனின் மோட்ச பிரயாணம். முதுகில் சுமையோடு ஒரு பயணி மோட்ச நகரத்தை நோக்கி நடக்கிற ஆங்கிலக் கதை. 1678-ல் வந்த முதல் பாகம் மட்டும் போதும்.

18 பிப்ரவரி, செவ்வாய்

நாள் கணக்கு கேட்கிறார்கள். மார்ச் 5 முதல் ஏப்ரல் 19 சனிக்கிழமை வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அதை உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி நாற்பது.

அதனால் விட்டுப்போன பக்கங்களை எட்டிப் பிடிக்க ஆறு நாள் கையில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும்.

20 பிப்ரவரி, வியாழன்

செய்யுள் ருசி உள்ளவர்கள் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை எடுக்கலாம். அதே மோட்ச பிரயாணத்தின் செய்யுள் மொழிபெயர்ப்புதான். நம் ஊர்க்காரர், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் 1827-ல் பிறந்தவர். வைணவக் குடும்பம். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்தார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மேலே எழுதினதில் ஒரு திருத்தம். எங்கள் சேகரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். இன்று அலமாரிப் பக்கம் வந்து, “மொழிபெயர்ப்புன்னு எழுதியிருக்கியே தாயி, யார் சொன்னா?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. பனியனின் கதையை எடுத்துக்கொண்டு தமிழ்க் காப்பிய மரபில் புதிதாகக் கட்டினது அது. ஐந்து பருவம், 3766 பாடல். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பனியனிடம் சிலுவைக் காட்சி ரொம்பச் சின்னது. பயணி மேட்டில் ஏறுகிறான், சிலுவையைப் பார்க்கிறான், முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு கீழே இருக்கிற கல்லறைக்குள் விழுகிறது, அவ்வளவுதான். கிருஷ்ணபிள்ளை அங்கே நின்றுவிடுகிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என்று வைத்து, ஆண்டவருடைய பாடுகளை விரித்துப் பாடுகிறார். லெந்துக்கு நமக்கு வேண்டியது அதுதான்.

3766 பாடலை நாற்பது நாளில் வகுத்தால் நாளுக்குத் தொண்ணூற்று நான்கு வரும். யாராலும் முடியாது. அந்தப் படலம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பரிசுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2 மார்ச், ஞாயிறு

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை என்று என் அனுபவத்தில் தெரிந்தது கொஞ்சம்.

எழுத்து அளவு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். என் அம்மாவுக்கு 81 வயது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் இருக்கிறது. நல்ல புத்தகம், பொடி எழுத்து என்றால் அது அம்மாவுக்கு இல்லாத புத்தகம். கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தைக் கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பாருங்கள்.

தமிழ். மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் பல, வாயில் வராத தமிழில் இருக்கின்றன. நடுவில் ஏதாவது ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் மூச்சு முட்டினால் அந்தப் புத்தகத்தை வையுங்கள். ராத்திரி வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் லெந்துக்கு நல்ல முறை. கண்ணுக்கு மட்டும் எழுதப்பட்ட புத்தகம் அதற்கு உதவாது.

அட்டையில் “அற்புதம்” என்று பெரிதாகப் போட்டிருந்தால் நான் தயங்குவேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போது எழுத மனசு வரவில்லை.

5 மார்ச், சாம்பல் புதன்

தொடங்கினோம். அம்மா, நான், பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பெண். பரீட்சை நேரம், அரைமணி நேரத்துக்கு மேல் அவளை உட்கார வைக்கக்கூடாது என்று அவள் அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார்கள். கந்தை உடுத்தி, முதுகில் சுமையோடு, கையில் ஒரு புத்தகத்தோடு ஒருவன் நின்று அழுகிறான். முதல் பக்கம் அதுதான். “என்ன சுமைன்னு சொல்லவே இல்லையே” என்றாள் அந்தப் பெண். அம்மா, “அவனவனுக்குத் தெரியும்” என்றார்கள்.

9 மார்ச், ஞாயிறு

சேறு வந்துவிட்டது. அவநம்பிக்கைச் சேறு. இரண்டு பேர் விழுகிறார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரன் தன் வீடு இருக்கிற பக்கமாகக் கரையேறி ஊருக்கே திரும்பிவிடுகிறான். பயணி மட்டும் தன் வீட்டுக்கு எதிர்க் கரையை நோக்கியே புரண்டு புரண்டு போகிறான். சுமை முதுகில் இருப்பதால் ஏற முடியவில்லை. ஒருவர் வந்து கை கொடுத்துத் தூக்குகிறார்.

நான் இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று இந்தத் தடவை நெஞ்சில் தைத்தது. அந்தச் சேற்றை ஏன் யாரும் மூடிச் சரிசெய்யவில்லை என்று பேச்சு வருகிறது. ராஜாவின் ஆட்கள் எத்தனையோ காலமாக முயல்கிறார்கள், இதுவரை இருபதாயிரம் வண்டி நல்ல புத்திமதியை அதில் கொட்டியாயிற்று, அத்தனையையும் விழுங்கிவிட்டு அது இன்னும் சேறாகவே இருக்கிறது என்று பதில்.

இருபதாயிரம் வண்டி நல்ல புத்திமதி! என் அலமாரியில் இரண்டு தட்டு அதுதான். படியும் இருக்கிறதாம் அந்தச் சேற்றில், கால் வைக்க. ஆனால் கலங்கின நேரத்தில் படி கண்ணுக்குத் தெரியாது.

12 மார்ச், புதன்

கைபேசியில் வாசிக்கலாமா என்று கேட்கிறார்கள். வாசிக்கலாம். என்னால் முடியவில்லை. நடுவில் கேஸ் சிலிண்டர் செய்தி வந்துவிடுகிறது.

16 மார்ச், ஞாயிறு

ஒரு கடிதம் வந்திருக்கிறது. வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருக்கிற பெண். அதை அப்படியே போட முடியாது, இரண்டு வரி மட்டும்: “டிசம்பரில் அம்மா போய்விட்டார்கள். நான் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. எந்த விசுவாசப் புத்தகத்தை எடுத்தாலும் கோபம்தான் வருகிறது அக்கா.”

மார்ச் 2-ல் தள்ளிவைத்ததை இன்று எழுதியாக வேண்டும்.

ஆறு வருடம் முன்னால், எங்கள் சபையில் ஒரு சகோதரியின் கணவர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கையில் ஒரு புத்தகம் கொண்டுபோனேன். வியாதியிலிருந்து சுகமானவர்களின் சாட்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு சாட்சியும் டாக்டர் கைவிட்ட இடத்தில் தொடங்கி, விசுவாசத்தோடு ஜெபித்தார்கள், எழுந்தார் என்று முடியும். “வாசியுங்கள், பெலனாக இருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக வாசித்திருக்கிறார்கள். பதினோராம் நாள் அவர் இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த அடுத்த ஞாயிறு அந்தப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிரித்தேன். பல பக்கங்களில் பென்சிலால் அடிக்கோடு. கடைசி அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: அப்போ என் ஜெபம்?

அதற்கப்புறம் அவர்கள் அலமாரிப் பக்கம் வந்ததில்லை. கோயிலுக்கு வருவார்கள், கும்பிடுவார்கள், போவார்கள். “சுகமா அக்கா” என்று மட்டும் கேட்பார்கள்.

அந்தச் சாட்சிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. எழுந்தவர்கள் எழுந்தார்கள், ஸ்தோத்திரம். ஆனால் எழாதவரின் மனைவிக்கு அந்தப் புத்தகத்தில் உட்கார ஒரு இடமும் இல்லை. அதைக் கொடுத்தது என் கை. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டது கிடைக்காமல் போனவர் இதை மடியில் வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால் அது லெந்துப் புத்தகம் இல்லை. லெந்து போய்ச் சேருகிற இடம் பெரிய வெள்ளி. அங்கே குமாரனே “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கேட்கிறார், அந்த நேரத்தில் பதில் வரவில்லை.

தொடர்ச்சியான புத்தகம், பெரிய எழுத்து, வாயில் வருகிற தமிழ் என்று முதலில் எழுதினேன். எல்லாம் சரிதான், ஆனால் இதற்கு அடுத்துத்தான் அவை.

அந்த நர்ஸ் தங்கச்சிக்கு: கோபம் வந்தால் புத்தகத்தை மூடிவை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை மட்டும் வாசி. அது கடைசி வரைக்கும் விடியாத சங்கீதம். அப்படி ஒன்றையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், அதை நினைத்துப் பார். வேறு புத்தகம் யோசித்து எழுதுகிறேன்.

19 மார்ச், புதன்

யோசித்தேன். இன்று கத்தோலிக்கச் சகோதரர்களுக்குப் புனித சூசையப்பர் திருநாள், அதுதான் ஞாபகப்படுத்தியது.

தேம்பாவணி. வீரமாமுனிவர் 1726-ல் முடித்தது. சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தலைவனாக வைத்த காப்பியம். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். முழுவதும் வாசிக்கச் சொல்லவில்லை. அதில் கருணையன் என்று வருகிறவர் திருமுழுக்கு யோவான். காட்டில் தாய் எலிசபெத்தோடு இருக்கிறார், தாய் இறந்துபோகிறார். அந்தப் பிள்ளை பூக்களைப் பரப்பி, தாயை மண்ணுக்குள் வைத்து, தனியாக நின்று அழுகிறது. வழி தெரியாத காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்கிறது. மரமும் பறவையும் சுனையும் கூடச் சேர்ந்து அழுகின்றன.

யாரும் வந்து ஆறுதல் வசனம் சொல்வதில்லை அந்த இடத்தில். ஒரு புனிதர் தாய்க்காக அழுகிறார், காடு கூட அழுகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தப் பகுதி இருக்கிறது, உரையோடு. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நர்ஸ் தங்கச்சி, பஸ்ஸில் போகும்போது எடுத்துப் பார். இத்தாலியிலிருந்து தம் வீட்டை விட்டு வந்தவர் எழுதியது அது.

சி.எஸ்.ஐ.க்காரி, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரி, கத்தோலிக்க முனிவரின் தேம்பாவணியைச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லலாம். தவக்காலம் என்றாலும் லெந்து என்றாலும் அதே நாற்பது நாள்தான்.

23 மார்ச், ஞாயிறு

தொடர்ந்து நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கும், நோயில் கிடக்கிறவர்களுக்கும் ஒன்று. டோனாவூர் நமக்குப் பக்கம்தான். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் அங்கே வந்தார். 1931-ல் கீழே விழுந்து காலும் முதுகும் கெட்டு, 1951-ல் மரிக்கும் வரை ஏறக்குறைய இருபது வருடம் அந்த அறையே கதி. படுக்கையிலிருந்து நிறைய எழுதினார். 1933-ல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற கடிதத் தொகுப்பு அதில் ஒன்று. நான் ஆங்கிலத்தில்தான் வாசித்தேன்.

அதில் அவர் சொல்கிற ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதுகிறேன். நோயில் கிடக்கும்போது நல்ல மனதோடு எத்தனையோ பேர் ஆறுதல் பிரசுரங்கள் அனுப்பினார்களாம். அவை ஏன் உள்ளே இறங்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாராம். சுகமாக இருக்கிறவர்கள் நோயாளிக்கு எழுதினவை அவை. அதனால்தான் தாமே படுக்கையிலிருந்து, படுத்திருப்பவர்களுக்கு எழுதினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு நான் கொண்டுபோனதும் அப்படிப்பட்ட பிரசுரம்தான். இது 1933-லேயே அச்சாகியிருக்கிறது. எனக்கு ஆறு வருடம் முன்னால் தெரிந்திருக்கவில்லை.

டோனாவூரில் அவர் கல்லறையில் கல் நாட்டவில்லை. பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் தாய் என்று பொருள்படுகிற ஒரு சொல் மட்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன் ஒரு தடவை. அம்மா அந்தத் தொட்டியில் விழுந்திருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

30 மார்ச், ஞாயிறு

முதல் நாள் எழுதினதை வாசித்துப் பார்த்தேன். கொஞ்சம் கடுமையாகிவிட்டது. துண்டு துண்டாக வாசிப்பதே ஆகாது என்கிற மாதிரி இருக்கிறது.

தமிழாசிரியர் அண்ணாச்சிதான் மறுபடியும். இரட்சணிய யாத்திரிகம் புத்தகமாக வந்தது 1894-ல். அதற்கு முன்னால் பதின்மூன்று வருடம் நற்போதகம் மாத இதழில் தொடராக வந்ததாம். பதின்மூன்று வருடம்! மாதத்துக்குச் சில பாடல். அடுத்த இதழ் வரும் வரை வாங்கினவர்கள் காத்திருந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு இரவல் போயிருக்கும், கிழிந்து திரும்பியிருக்கும். பயணி சிலுவையைச் சேருவதற்குள் சில வாசகர்கள் மரித்தும் போயிருப்பார்கள்.

ஆக, துண்டாக வாசிப்பது குற்றமில்லை. துண்டு ஒரு முழுமையிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு பெரிய ரொட்டியிலிருந்து தினமும் பிட்டுத் தின்பது வேறு, தினமும் ஒரு பிஸ்கட் வேறு. ஷிப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் பத்து நிமிஷம் கிடைத்தால் பத்து நிமிஷம் வாசியுங்கள். நாளைக்கு அதே இடத்தில் திறங்கள்.

நாற்பது நாள் புத்தகம் வாங்கிவிட்ட அந்தத் தங்கச்சியின் சிநேகிதி ஒருத்தி, “தூக்கிப் போடவா அக்கா” என்று கேட்டாளாம். போட வேண்டாம். வைத்திரு.

6 ஏப்ரல், ஞாயிறு

நடுவில் விட்டவர்களுக்கு. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மோட்ச பிரயாணத்தைப் பிடித்து ஓட வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம். ஒரே உட்காரலில் சத்தமாக வாசித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். நேற்று மாலை கரண்ட் போயிருந்தது, எமர்ஜென்சி விளக்கை வைத்து நான் வாசித்தேன், அம்மா கேட்டார்கள். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரைப் பிடிக்கிற இடம் வந்தபோது எதுவுமே தெரியாதவர்கள் மாதிரி, “எல்லாரும் ஓடியா போனான்?” என்றார்கள். எண்பத்தொரு வருடம் கேட்ட கதை. ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்டதால், கலிலேயாவில் கூப்பிட்டவுடன் வலையை விட்டுவிட்டு வந்த அதே ஆட்கள் இங்கே அவரை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்பது சேர்ந்து விழவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டும் காதில் விழுந்தால் வலிக்கிறது.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

இன்று ராத்திரியிலிருந்து இரட்சணிய சரித படலம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, அவளே வாசிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இதிலிருந்து கொஞ்சம் வந்ததால் பயமில்லாமல் சீர் பிரித்து வாசிக்கிறாள். பாடத்தில் அவளுக்குப் பிடித்த இடம் என்று ஒன்றைக் காட்டினாள். அவரைக் கயிற்றால் கட்டுகிறார்கள், அவர் கட்டுக்கு உடன்பட்டு நிற்கிறார். கயிறு கட்டினது என்று நினைக்காதீர்கள் என்கிறார் கவி. இகழ்கிற ஆட்கள்மேலேயே அவர் வைத்த நேசம்தான் கட்டு, அதிலிருந்துதான் அவரால் விடுபட முடியவில்லை.

“இதுக்கு அஞ்சு மார்க் எழுதிட்டு வந்தேன் அத்தை, இப்பதான் புரியுது” என்றாள்.

நான் அந்தப் பாட்டைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அம்மா கூடச் சேர்ந்து முணுமுணுத்தார்கள். விருத்தத்துக்கு அந்தப் பலம் உண்டு, வாசிக்கத் தெரியாதவர் வாயிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

ராத்திரி ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். நாளைக்குப் பெரிய வெள்ளி, மூன்று மணி நேர ஆராதனை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகள்.

மோட்ச பிரயாணத்தில் சந்தேகக் கோட்டையை வேண்டுமென்றே இன்றைக்கென்று வைத்திருந்தேன். பயணியும் அவன் தோழனும் சுகமான குறுக்குப்பாதை ஒன்றில் போய், ராட்சதன் கையில் அகப்படுகிறார்கள். இருட்டுக் கிடங்கு. புதன் காலையிலிருந்து சனி ராத்திரி வரை ஒரு துண்டு ரொட்டி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடிக்கிறான். செத்துப்போங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது என்கிறான். சனி நடுராத்திரி ஜெபிக்கத் தொடங்கி விடியப்போகிற நேரம் வரை ஜெபிக்கிறார்கள். அப்போதுதான் பயணிக்கு ஞாபகம் வருகிறது, தன் நெஞ்சிலேயே ஒரு சாவி இருக்கிறது, வாக்குத்தத்தம் என்று பேர்.

புதனில் தொடங்கி ஞாயிறு விடியலில் முடிகிறது! எத்தனை தடவை வாசித்திருக்கிறேன், கிழமையைப் பார்க்கவில்லை. பனியன் பரிசுத்த வாரத்தை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணினதற்காக 1660 முதல் பன்னிரண்டு வருடம் பெட்போர்டு சிறையில் இருந்தவர், கண் தெரியாத மகளை வெளியே விட்டுவிட்டு. அந்தக் கிடங்கு அவருக்குக் கதையில்லை. அதனால்தான் சாவியை முதல் நாளே எடுத்துக் கொடுக்கவில்லை அவர். நான்கு நாள் அங்கே கிடக்க விடுகிறார். அந்த நான்கு நாளை எழுதினவரை நான் நம்புவேன்.

21 ஏப்ரல், திங்கள்

நேற்று ஈஸ்டர். விடியற்காலை ஆராதனை முடிந்து, காபி, பன், எல்லாருக்கும் கை கொடுத்து, வெயில் ஏறின பிறகு அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை மாற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் கேள்வி கேட்ட தங்கச்சி வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பக்கம் வரை விரல் பட்டிருக்கிறது, பார்த்தேன். நர்ஸ் தங்கச்சியிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது, கருணையன் பாட்டை மனப்பாடம் பண்ணிவிட்டாளாம்.

அலமாரியைப் பூட்டப் போகும்போது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அந்தச் சகோதரி. ஆறு வருடத்துக்கு அப்புறம்.

“என்னமோ எழுதுறீங்களாம், என் மக காட்டினா” என்றார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர்களைப் பற்றி எழுதினதைக் கேட்டுவிட்டா எழுதினேன்? மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர்கள் அதைக் கேட்க வரவில்லை. தங்கச்சி திருப்பிக் கொடுத்த மோட்ச பிரயாணம் மேலாக இருந்தது, அதைக் கையில் எடுத்தார்கள்.

“இதில அவன் போய்ச் சேர்றானா அக்கா?”

“சேர்றான். கடைசியில ஒரு ஆறு இருக்கு, பாலம் இல்லை. இறங்கித்தான் போகணும். நடுவில மூழ்கப் பார்க்கிறான். தோழன் தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சுக்கிறான், அடி தட்டுது, தரை நல்லாயிருக்குன்னு சொல்லிக்கிட்டே வர்றான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்கு அந்த ஆத்தை முதல்ல வாசிக்கணும்” என்றார்கள்.

முதலிலிருந்து வரிசையாக, ஒன்று விடாமல் என்று பிப்ரவரியில் எழுதினவள் நான். பக்கத்தைத் தேடிப் பிடித்து, அலமாரியில் கிடந்த குருத்தோலைத் துண்டு ஒன்றை ஆறு தொடங்குகிற இடத்தில் வைத்துக் கொடுத்தேன்.